ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதில் படைப்பாற்றல் எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: பேட்டர்ன் என்பது காலி இடத்தை நிரப்பப் போடும் அலங்காரம்தானே? ஒரே உருவத்தைக் காப்பி எடுத்து அடுக்கிக்கொண்டே போவதில் கற்பனைக்கு என்ன வேலை? டிசைன் படிக்கிறவர் இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?

ஒதுக்க வேண்டும், நிறையவே. ஒரு வடிவம் ஒரே இடைவெளியில் மூன்று முறை வந்துவிட்டால், நான்காவது எங்கே வரும் என்று கண் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. பார்ப்பவருக்குள் இப்படி ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்குவதுதான் பேட்டர்னின் முதல் வேலை. அந்த எதிர்பார்ப்பை எவ்வளவு தூரம் காப்பாற்றுவது, எந்த இடத்தில் மீறுவது என்று முடிவு செய்வது டிசைனரின் வேலை. கற்பனை முழுக்க அந்த முடிவில்தான் இருக்கிறது. அலங்காரம் அதனால் கிடைக்கும் பலன்களில் ஒன்று, அவ்வளவே.

கண் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் 1923-இல் வெளியான தன் கட்டுரையில் வெறும் புள்ளிகளை வைத்தே காட்டினார். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் ஒரு வரிசையாகத் தெரியும். ஓர் இடைவெளியைக் குறைத்து, அடுத்ததைக் கூட்டி, மாற்றி மாற்றி வைத்தால் அதே புள்ளிகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்துவிடும். வேண்டுமென்றே வேறு மாதிரி ஜோடி சேர்த்துப் பார்க்க முயன்றாலும் கண் ஒத்துழைக்காது. அருகருகே இருப்பவை, ஒன்று போல இருப்பவை, ஒரே போக்கில் தொடர்பவை எல்லாம் ஒரு கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. புள்ளிகளைத் தொடவே இல்லை, இடைவெளியை மட்டும் மாற்றினோம், பார்ப்பது வேறாகிவிட்டது. பேட்டர்னில் உருவத்தைவிட இடைவெளிக்குத்தான் அதிகாரம் அதிகம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இது. புதிதாகப் பழகுகிறவர்கள் பூவை வரைவதிலேயே நேரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, பூக்களுக்கு நடுவே உள்ள இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்பார்ப்பை மீறுவது என்றேன். அதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது கியோர்க் நேஸ் 1968 வாக்கில் கணினியையும் பிளாட்டரையும் (கணினி சொல்கிறபடி பேனாவால் கோடு போடும் கருவி) வைத்து உருவாக்கிய ‘ஷோட்டர்’ என்ற படம். வரிசைக்கு 12 சதுரங்கள், மொத்தம் 22 வரிசைகள். வெறும் கோட்டுச் சதுரங்கள்தான், நிறம் கிடையாது. மேல் வரிசையில் அவை கச்சிதமாக ஒட்டி நிற்கும். கீழே வர வர ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் நகரும். கடைசி வரிசைகளில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி போலச் சிதறியிருக்கும். எந்த அளவுக்குத் திரும்பலாம், நகரலாம் என்ற வரம்பு வரிசை இறங்க இறங்கக் கூடுகிறது, அந்த வரம்புக்குள் எவ்வளவு என்பதைத் தற்செயல் எண் தீர்மானிக்கிறது. மொத்த விதியும் இவ்வளவுதான். இப்போது மேல் பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு கீழ்ப்பாதியை மட்டும் பாருங்கள். வெறும் குப்பைதான் தெரியும். கையை எடுத்தால் அதே குப்பை ஒரு சரிவாக, ஒரு நிகழ்வாக மாறிவிடும். மேலே உள்ள ஒழுங்கு இல்லாவிட்டால் கீழே உள்ள குலைவுக்கு அர்த்தமே இல்லை.

பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் வரைந்த கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் இதையே வேறு வழியில் செய்கின்றன. சதுரங்கப் பலகை மாதிரியான கட்டங்கள். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அகலம் மட்டும் நடுவைத் தாண்டி ஓர் இடத்தை நெருங்க நெருங்கக் குறைந்து, அப்புறம் மறுபடி விரிகிறது. தட்டையான பரப்பு உள்நோக்கி மடங்கி விழுவது போலத் தோன்றுகிறது. நிழல் போடவில்லை, பெர்ஸ்பெக்டிவ் கோடு போடவில்லை. ஒரே ஓர் அளவை மட்டும் மாற்றினால் ஆழமே வந்துவிடுகிறது என்றால், இதை அலங்காரம் என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். துணிக்கோ சுவர்த்தாளுக்கோ இணையப் பக்கத்துக்கோ பேட்டர்ன் செய்கிறவர், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாலும் இணைப்பு தெரியாத ஓர் அலகை, அதாவது திரும்பத் திரும்ப வரப்போகும் ஒரு துண்டை, செய்தாக வேண்டும். மென்பொருள் இதை ஒரு சொடுக்கில் செய்துவிடும். ஆனாலும் ஒரு முறை தாளில் செய்து பாருங்கள். ஒரு சதுரத் தாளில், விளிம்பைத் தொடாமல், நடுவில் மட்டும் வரையுங்கள். தாளை நேர்க்குத்தாக இரண்டாக வெட்டி, இடது பாதியை வலப்புறமும் வலது பாதியை இடப்புறமும் வைத்துப் பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டி, மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றி ஒட்டுங்கள். நீங்கள் வரைந்த படம் இப்போது நான்கு மூலைகளுக்கும் போயிருக்கும், நடுவில் சிலுவை மாதிரி வெற்றிடம் கிடைக்கும். அந்த வெற்றிடத்தை, மறுபடி விளிம்பைத் தொடாமல், நிரப்புங்கள். அவ்வளவுதான். இந்தத் தாளை எத்தனை நகல் எடுத்து அடுக்கினாலும் விளிம்புகள் பொருந்தும்.

இணைப்பு மறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உண்மையான சிக்கல் இனிமேல்தான் வரும். தனியாகப் பார்க்கும்போது அழகாக இருந்த அலகு, பத்துப் பதினைந்து நகல்களாக விரிந்ததும் குணம் மாறிவிடும். நீங்கள் வரையவே வரையாத வெள்ளைப் பட்டைகள் குறுக்கே ஓடும். நீலப் பூக்களுக்கு நடுவே ஆசையாகப் போட்ட ஒரே ஒரு சிவப்புப் பூ, விரித்த பிறகு சிவப்புப் புள்ளிக் கட்டமாக முன்னால் வந்து நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். அலகுக்குள் அது சிறப்பு, பரப்பில் அதுவே சத்தம். அதனால் வரையும்போதே விரித்த வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். விவரங்கள் மங்கி, எடை எங்கே கூடியிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

பட்டை ஓடுவதைத் தடுக்கப் பழைய வழி ஒன்று உண்டு. அலகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நேராக அடுக்காமல், அடுத்த நெடுவரிசையை அலகின் பாதி உயரத்துக்குக் கீழே இறக்கி அடுக்குவது. இதை ஹாஃப் டிராப் என்பார்கள். இந்தச் சின்ன நகர்த்தலால் கண் கிடைமட்டமாக ஓடுவதை விட்டுவிட்டுக் குறுக்காக ஏறி இறங்கத் தொடங்கும். ஒரே அலகு இரண்டு மடங்கு பெரியது போலத் தோன்றும்.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் இந்தக் கலையில் பெரிய ஆசான். பேட்டர்னின் கட்டமைப்பை ஓரளவு மறைக்க வேண்டும், பார்ப்பவர் அலகு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ண உட்கார்ந்துவிடக் கூடாது என்று 1881-இல் ஓர் உரையில் அவர் வலியுறுத்தினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வடிவமைத்த ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ துணியைப் பாருங்கள். தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் திருடித் தின்னும் பறவைகள்தான் பொருள். பறவைகள் ஜோடி ஜோடியாகக் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே நிற்கின்றன, அதாவது விதி மிகக் கறாரானது. ஆனால் இலைகளும் கொடிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடுவதால், எங்கே ஒரு அலகு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. அதை அச்சிட்ட விதமும் அப்படித்தான், பொறுமையைக் கேட்பது. துணி முழுவதையும் முதலில் அவுரி நீலத்தில் தோய்த்து, வெளுக்க வேண்டிய இடங்களை வெளுத்து, பிறகு மற்ற நிறங்களை ஏற்றினார்கள். விதி கறாராக இருக்கட்டும், ஆனால் அது முதல் பார்வையிலேயே பிடிபட வேண்டாம். மாரிஸிடம் கற்க வேண்டியது எனக்குத் தெரிந்து இதுதான்.

விதி என்றதும் சிலருக்குக் கசக்கும். ‘கணிதம் வந்தால் கலை செத்துவிடும்’ என்று பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டச்சு ஓவியர் எம். சி. எஷரின் கதை அதற்கு நேர் எதிரானது. தட்டையான பரப்பில் ஓர் உருவைத் திரும்பப் போடுவதற்கு அடிப்படையில் நான்கே அசைவுகள்தான்: நகர்த்துவது, சுழற்றுவது, கண்ணாடியில் போலத் திருப்புவது, திருப்பி நகர்த்துவது. கடைசியானது மணலில் பதியும் காலடித் தடங்கள் மாதிரி, இடம் வலம் என்று மாறி மாறி முன்னேறும். இவற்றை எப்படிக் கலந்தாலும், இரண்டு திசைகளிலும் சீராகத் திரும்ப வரும் பேட்டர்ன்களில் மொத்தம் 17 சமச்சீர் வகைகளே சாத்தியம். ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதொரோவ் 1891-இல் இதை நிறுவினார், கணிதவியலாளர் ஜியார்ஜ் போல்யா 1924-இல் ஒவ்வொரு வகைக்கும் ஒரு படத்தோடு மறுபடி விளக்கினார்.

எஷர் ஸ்பெயினில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு 1922-இல் ஒரு முறையும் 1936-இல் மறுபடியும் போனார், அங்கே சுவர்களில் பதித்திருந்த ஓடுகளின் வடிவங்களைப் பார்த்துப் படி எடுத்தார். நிலவியல் பேராசிரியரான அவருடைய அண்ணன்தான் படிகவியல் இதழ்களைப் பார்க்கச் சொன்னார். அதில் போல்யாவின் கட்டுரை கிடைத்தது. கட்டுரையில் இருந்த கணிதம் எஷருக்குப் பிடிபடவில்லை, படங்கள் பிடிபட்டன. அவற்றைத் தன் நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு பழகினார். அதற்குப் பிறகு வந்தவைதான் ஒன்றுக்குள் ஒன்று இடைவெளியில்லாமல் பொருந்தும் பறவைகளும் மீன்களும் பல்லிகளும். அப்படி அவர் எண்ணிட்டு வைத்த பரப்புப் பிரிப்பு ஓவியங்கள் 137. விதியைத் தெரிந்துகொண்டதால் அவர் கற்பனை சுருங்கவில்லை, அதற்கப்புறம்தான் விரிந்தது.

அந்த உருவங்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பதில் மாயம் எதுவும் இல்லை. அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் ஏதோ ஒரு வளைவை வெட்டி எடுத்து, அதே உயரத்தில் அப்படியே நகர்த்தி வலது பக்கத்தில் ஒட்டுங்கள். மேல் பக்கத்தில் வெட்டியதைக் கீழ்ப்பக்கம் ஒட்டுங்கள். ஒரு பக்கம் பள்ளமானது மறுபக்கம் மேடாகிவிட்டதால் இந்தக் கோணல் துண்டு எல்லாப் பக்கமும் தன்னோடு தானே பொருந்தும். இனிமேல்தான் கலைஞரின் வேலை: இந்தக் கோணல் எதைப் போல இருக்கிறது? மூக்கா, வாலா, தொப்பி போட்ட தலையா? வெட்டும் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித் திருத்தி ஓர் உயிரை அதிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

இந்த வழிகளெல்லாம் எப்போதோ கண்டுபிடித்து முடிந்துவிட்டன என்றும் நினைக்க வேண்டாம். சீராகத் திரும்ப வரும் பேட்டர்னில் ஐந்து மடிப்புச் சுழற்சிக்கு, அதாவது வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுழற்றினாலும் அதே மாதிரி தெரிவதற்கு, இடமில்லை, 2, 3, 4, 6 மடிப்புகள் மட்டுமே பொருந்தும். 1974-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் இரண்டே வகை ஓடுகளை வைத்து, ஐந்து மடிப்பு அழகு தெரியும்படி, ஒருபோதும் சீராகத் திரும்ப வராமல் பரப்பை நிரப்பும் முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு வகை எதற்கு, ஒரே ஓர் ஓட்டால் இது முடியுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் அப்படியே நின்றது. விடை வந்தது 2023-இல். கண்டுபிடித்தவர் டேவிட் ஸ்மித், ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பப் பணியாளர், வடிவங்களோடு விளையாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 13 பக்கங்கள் கொண்ட, தொப்பி போன்ற அந்த வடிவத்தை அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பிறகு மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து அதை நிறுவினார்கள். கையால் வெட்டி அடுக்கிப் பார்ப்பது எவ்வளவு பெரிய அறிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

விதி எவ்வளவு எளியதோ அவ்வளவு பலன் தரும் என்பதற்கு இன்னொன்று. 1704-இல் செபாஸ்டியன் துருஷே என்ற பிரெஞ்சுத் துறவி, மூலைவிட்டத்தால் இரண்டு நிறமாகப் பிரித்த ஒரு சதுர ஓட்டைப் பற்றி எழுதினார். அதை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம், அவ்வளவுதான் அதனால் முடியும். ஆனால் நான்குக்கு நான்கு கட்டத்தில் 16 ஓடுகளை வைக்க எத்தனை வழிகள்? 429 கோடிக்கும் மேல். அம்பு, காற்றாடி, வைரம், அலை எல்லாம் அந்த ஒரே ஓட்டிலிருந்து பிறக்கின்றன. எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று விட்டால் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவர்கள், இந்த ஓட்டைக் கையில் கொடுத்தால் உடனே வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பேட்டர்ன்களும் உண்டு. பத்திரிகைப் பக்கத்தின் கிரிட், அதாவது எழுத்தையும் படத்தையும் எங்கே வைப்பது என்று வழிகாட்டும் கட்டம், அப்படிப்பட்டது. சுவிஸ் டிசைனர் கார்ல் கெர்ஸ்ட்னர் 1962-இல் ‘காபிடல்’ என்ற ஜெர்மன் இதழுக்கு அமைத்த கிரிட் 58 அலகுகள் கொண்டது. ஏன் 58? பத்திகளுக்கு நடுவே 2 அலகு இடைவெளி விட்டால், இரண்டு பத்தி என்றால் ஒவ்வொன்றும் 28 அலகு, மூன்று என்றால் 18, நான்கு என்றால் 13, ஐந்து என்றால் 10, ஆறு என்றால் 8. எல்லாமே மிச்சமில்லாமல் பொருந்துகின்றன, கூட்டிப் பாருங்கள். ஒரே பக்கச் சட்டத்தில் ஐந்து விதமான அமைப்புகள், எதுவும் எதற்கும் அந்நியமாகத் தெரியாது. வாசகருக்கு இந்தக் கட்டம் எங்கும் தெரியப்போவதில்லை, இதழ் ஒரே கையால் செய்தது போல இருக்கிறது என்ற உணர்வு மட்டும் வரும். செயலிகளின் திரைகளில் பொத்தானும் மெனுவும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வருவதும் இந்த வகைதான். அங்கே எதிர்பார்ப்பை மீறக் கூடாது என்பேன். வெளியேறும் பொத்தான் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறினால் யாரும் அதைக் கற்பனை வளம் என்று பாராட்டப் போவதில்லை.

பேட்டர்ன் அடையாளமாகவும் இருக்கும். பயணப் பெட்டிகள் செய்யும் பிரெஞ்சு நிறுவனமான லூயி வீட்டோன் 1896-இல் எழுத்துகளும் பூக்களும் கலந்த பேட்டர்னைக் கொண்டுவந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், போலிப் பெட்டிகளைத் தடுப்பது. லோகோ பெட்டியின் ஒரு மூலையில்தான் இருக்கும், பேட்டர்ன் பெட்டி முழுக்க இருக்கும். துண்டு தெரிந்தாலே ஆளைத் தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஒன்றை அடையாளம் தெரியாமல் ஆக்கவும் பேட்டர்ன் உதவும். முதல் உலகப் போரில், 1917-இல், நார்மன் வில்கின்சன் என்ற ஓவியரின் யோசனைப்படி கப்பல்கள்மேல் தாறுமாறான பட்டைகளைத் தீட்டினார்கள். கப்பலை மறைப்பது நோக்கமில்லை. அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்று நீர்மூழ்கியிலிருந்து பார்ப்பவரைக் குழப்புவதுதான் நோக்கம். ஒரே கருவி, எங்கே விளிம்போடு இசைந்து ஓடுகிறது, எங்கே விளிம்பை உடைக்கிறது என்பதைப் பொறுத்து எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. தயாரிப்பின் வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கும்போது, பேட்டர்ன் அதன் விளிம்பைத் தின்கிறதா என்று பார்ப்பது இதனால்தான் அவசியம்.

இனி எச்சரிக்கைகள். எல்லாப் பேட்டர்னும் கண்ணுக்கு நல்லதில்லை. அழுத்தமான கறுப்பு வெள்ளைப் பட்டைகள், பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்கு மூன்று ஜோடி என்ற அளவில் வரும்போது பலருக்குக் கண் கூசும், தலை வலிக்கும். ஒளியுணர் வலிப்பு உள்ள சிலருக்கு வலிப்பையே தூண்டக்கூடும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டு விரலின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. அந்த அகலத்துக்குள் மூன்று ஜோடிப் பட்டைகள் வந்தால் மாற்றிவிடுங்கள்: பட்டையை அகலமாக்கலாம், கறுப்பைச் சாம்பலாக்கலாம், பரப்பைக் குறைக்கலாம். திரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. நெருக்கமான கோடுகளும் திரையின் பிக்சல் வரிசையும் மோதும்போது, யாரும் வரையாத அலை அலையான மொய்ரே வளையங்கள் தோன்றும். கோட்டின் அளவை மாற்றுவதைத் தவிர அதற்குச் சுலபமான தீர்வு கிடையாது. எழுத்துக்குப் பின்னால் பேட்டர்ன் போடுவதைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: எழுத்தின் கோட்டுத் தடிமனும் பேட்டர்னின் கோட்டுத் தடிமனும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் போடவே வேண்டாம். வாசிக்கிறவரின் கண் இரண்டையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடும், வெர்த்தைமர் காட்டியதைப் போலவே.

வரைபடங்களிலும் விளக்கப்படங்களிலும் மட்டும் பேட்டர்னைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்வேன். நிற வேறுபாடு தெரியாதவர்களுக்குச் சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஒன்றாகத் தெரியலாம். புள்ளியும் சாய்கோடும் ஒருபோதும் ஒன்றாகத் தெரியாது.

பழக வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? கறுப்பு வெள்ளையில், முக்கோணமோ அரைவட்டமோ, ஒரே ஓர் எளிய உருவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இடைவெளியை மட்டும் மாற்றிச் சில பரப்புகள் செய்யுங்கள். அடுத்து இடைவெளியைத் தொடாமல் திருப்பத்தை மட்டும், அதற்கடுத்து அளவை மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது என்ன செய்கிறது என்று கைக்குப் புரியும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் அழகாக ஏதாவது வரலாம், ஆனால் அடுத்த முறை அதை வரவழைக்கத் தெரியாது. பிடித்த பரப்பில் ஒரே ஓர் இடத்தில் விதியை மீறிப் பாருங்கள். அந்த இடத்தை மாற்றி மாற்றி வைத்து, பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போகிறது என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். நிறத்தைக் கடைசியில் சேருங்கள், முதலிலேயே சேர்த்தால் இடைவெளியின் குறைகளை அது மூடிவிடும். திரையிலேயே முடித்துவிடாமல், எந்த அளவில் பயன்படப் போகிறதோ அந்த அளவிலேயே அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள்.